டொமிக்கு நான் மொழிபெயர்ப்பாளன்

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வாசிப்பவர்கள் தாங்களாகக் கண்டுபிடித்துச் சிரித்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். பத்து வயதில், நாயின் முகத்தைப் பார்த்தே அதன் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுவேன் என்று, வரிசை வீடுகளில் நாங்கள் குடியிருந்த லயம் முழுவதையும் நம்பவைத்திருந்தேன். அதைவிடக் கேவலம், நானும் அதை நம்பியிருந்தேன்.

நோர்வூட் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம். எங்கள் தோட்டம் என்றால், வேலை செய்வதற்கு மட்டும். அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது எங்கள் நாய் டொமியும் கூடவே போகும். கொழுந்துச் சாக்குகளுக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்து, அம்மாவோடு திரும்பி வரும். பின்னேரங்களில் லயத்துப் பெண்கள் என்னைச் சீண்டுவார்கள்: "டேய், ஒங்க நாயி என்னாடா சொல்லுது?" அது கொட்டாவி விட்டால், "வேல கூடிப்போச்சாம்" என்பேன். ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றால், "லீவு கேக்குதாம்" என்பேன். சிரிப்பார்கள். எனக்குத் தலை கனத்துவிடும்.

ஒருநாள் பின்னேரம் டொமி அம்மாவை விட்டுவிட்டுத் தனியாக ஓடிவந்தது. மூக்கு வீங்கியிருந்தது. காதுகள் பின்னால் ஒட்டிக் கிடந்தன, வால் காலிடுக்கில். முன்னங்காலால் மூக்கைத் தேய்த்துத் தேய்த்து முனகியது. நான் கிட்டப் போனதும் கண்ணைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. நிபுணருக்கு யோசிக்க நேரம் எதற்கு? "எங்கயோ அடுப்படியில திருடப் போயி, சுடுசட்டியில மூக்க வச்சிருச்சு. பாருங்க, குத்தம் மொகத்துலயே தெரியுது!" என்று தீர்ப்புச் சொன்னேன். தண்டனையாக அன்றைய சோற்றையும் நிறுத்தினேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் லீவு. அம்மாவுக்குத் தேத்தண்ணியும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். ஒரு மலையில் கொழுந்து பறித்து முடித்துவிட்டுப் பக்கத்து மலைக்குள் இறங்குவதற்காகப் பெண்கள் பாதையில் நின்றார்கள். டொமி குறுக்கே நின்றது. அம்மா ஓரடி வைத்தால், இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைக் கவ்விப் பின்னால் இழுத்தது. பிறகு ஓடிப்போய், சரிவில் நின்ற சவுக்கு மரத்தைப் பார்த்துக் குரைத்தது. திரும்பி வந்து மறுபடியும் இழுத்தது.

அம்மா நின்றுவிட்டாள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம், "ஐயா, அந்த மரத்துல குளவி இருக்குங்க. போன மாசமே சொன்னோம்ங்க" என்றாள்.

கண்டாக்கையா அன்று குஷியில் இருந்தார். "ஒங்க வீட்டுலதான் நாய் பாஷ படிச்ச தொரை ஒருத்தர் இருக்காராமே? டேய், என்னாடா சொல்லுது ஒன் நாயி?"

இத்தனை பேருக்கு முன்னால் கண்டாக்கையா என்னிடம் ஆலோசனை கேட்கிறார்! என் நெஞ்சு சட்டைப் பொத்தான் தெறிக்கிற அளவுக்கு விரிந்தது. "சும்மா நடிக்குதுங்கையா. வேலைக்குக் கள்ளம்" என்றேன்.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "கேட்டீங்களா? நாயிக்கே கள்ளம் பழக்கி வச்சிருக்கீங்க. எறங்குங்க, எறங்குங்க!"

வேலை தொடங்கும்போது வழக்கமாகச் சொல்கிற "பொலியோ பொலி"யைச் சத்தமாகச் சொல்லிப் பெண்கள் தேயிலை நிரைக்குள் இறங்கினார்கள். ரொட்டி சுற்றியிருந்த துணியை நான் அவிழ்த்து முடிக்கவில்லை, குளவி கலைந்துவிட்டது. மேலே ஓடிவந்த அம்மா படங்கை உருவி என்மேல் போட்டு, அதற்குமேல் தானும் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். டொமி எங்களைச் சுற்றிச் சுற்றி வந்து காற்றைக் கடித்தது. கடைசிவரை அது ஓடவில்லை. கண்டாக்கையா ஓடினார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அத்தனை வேகமாக ஓட முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

எனக்குக் காதில் ஒரேயொரு கொட்டு. அம்மாவைக் கொழுந்து லொறியில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் பின்னேரம் கண்டாக்கையா லயத்துக்கு வந்தார். அம்மாவை விசாரிக்க வருகிறார் என்று நினைத்தேன். முட்டாள் என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா? வாசலில் நின்றபடியே அப்பாவிடம் சத்தம் போட்டார்: "ஒன் நாயி கொரச்சித்தான் குளவி கலஞ்சிருக்கு. நாயி தோட்டத்துல இருக்கக்கூடாது, வெளிய கொண்டுபோயி விட்டுரு." அந்தச் சத்தத்தில் டொமியின் காதுகள் பின்னால் போயின, வால் ஒடுங்கியது, பார்வை தரைக்கு இறங்கியது. அவர் விரலை நீட்டிச் சொன்னார்: "பாரு, குத்தம் மொகத்துலயே தெரியுது."

என் வசனம்! ஒரு சொல் பிசகாமல் என் வசனம்!

அப்பா தலைத்துணியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, தோளைக் குறுக்கி, தரையைப் பார்த்து, "சரிங்கையா" என்றார். எனக்கு அப்பாமேல்தான் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லக்கூடாதா? வாசலில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முகங்கள் ஒரே மாதிரி நின்றன. அடி விழப்போகிறது என்று தெரிந்துகொண்ட முகங்கள். காலையில் ஆட்களை வரிசைப்படுத்தி வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் களத்தில் தினம் தினம் பார்த்து வளர்ந்த முகம்தான் அது. ஊருக்கெல்லாம் நாய் முகம் வாசித்துச் சொன்ன எனக்கு, அதை மட்டும் வாசிக்கத் தெரியவில்லை. இன்று வாசிக்கத் தெரிகிறது. நினைக்கிற நேரமெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள் அம்மா வந்தாள். முகம் பூசணிக்காய்போல வீங்கி, கண்கள் இருந்த இடத்தில் இரண்டு கீறல்கள். அவள் உட்கார்ந்ததும் டொமி வந்து, அவள் பாதத்தின்மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. நான் வழக்கம்போல் முந்திக்கொண்டேன்.

"அம்மா, டொமிய வெளிய கொண்டுபோயி விடணுமாம். கண்டாக்கையா சொன்னாரு. அப்பாவும் சரின்னுட்டாரு. எப்பம்மா கொண்டுபோறது?"

அவள் என்ன நினைக்கிறாள் என்று முகத்தைப் பார்த்தேன். வீக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. கண்டாக்கையா பெயரைக் கேட்டால் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் குனிகிற தலை அவளுக்குக் குனியவில்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை. கையில் இருந்த ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து டொமிக்குப் போட்டாள்.

"அவர வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லு."