காணாமல் போன வண்டிப்பாதை

பத்து நாளைக்கு முன்பு தாலுகா ஆபீஸ் ரெக்கார்டு ரூமில் உட்கார்ந்து வரிசையாகப் பதினோரு தும்மல் போட்டேன். அலமாரியிலிருந்து கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்த கிளார்க் தனபால் திரும்பிப் பார்த்தார்.

"பழைய காயிதம்ங்க... அப்படித்தான் இருக்கும். எந்த ஊரு சொன்னீங்க?"

"அடி அண்ணாமலை."

"கல்யாணமா, தகராறா?"

"ரெண்டும்!" என்றேன்.

என் பெரியப்பா மகன் ஏழுமலை அண்ணன் அடி அண்ணாமலையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் செய்கிறவர். அவர் மகள் கலாவுக்குக் கல்யாணம். வீட்டு வாசலிலேயே பந்தல். மாப்பிள்ளை கீழ்பென்னாத்தூர். ஞாயிறு சாயங்காலம் மேளதாளத்தோடு மாப்பிள்ளை ஊர்வலம் வர வேண்டும். எந்த வழியாக வருவது? அங்கேதான் சிக்கல்.

ரோட்டிலிருந்து அண்ணன் வீட்டுக்கு ஒரே பாதை. பக்கத்து வீட்டுக்காரர் கோவிந்தசாமியின் புது வீட்டை ஒட்டினாற்போல் போகும். கல்யாணம் நிச்சயமான மறுவாரமே அந்தப் பாதையில் கோவிந்தசாமி முள்வேலி போட்டுவிட்டார். காரணம்? அவர் தங்கை மகனுக்குக் கலாவைக் கேட்டார், அண்ணன் கொடுக்கவில்லை. வேறொன்றுமில்லை.

"இது என் பட்டா நிலம். உன் சம்மந்தி ஹெலிகாப்டர்ல வரட்டும்!"

"ஊரே நடக்கிற பாதைடா இது!"

"போடா புறம்போக்கு!"

இந்தக் கடைசி வார்த்தையைக் கொஞ்சம் கவனித்து வையுங்கள்... அரசாங்க நிலத்துக்கும் அதுதான் பெயர்.

மாப்பிள்ளை வீட்டார் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்கள் — பட்டு வேட்டியோடு பையனைச் சேற்று வரப்பில் நடத்திக் கூட்டி வர முடியாது. டவுனில் சத்திரம் பாருங்கள், இல்லையேல் தேதியைத் தள்ளுங்கள். முகூர்த்த நாளில் சத்திரம் கிடைக்குமா? கலா என்னிடம் வந்து, "அத்தை, இது நின்னுடுமா?" என்று கேட்டாள். அண்ணன் ஏற்கெனவே அளக்கச் சொல்லி மனு கொடுத்திருந்தார். ஆதாரம் தேட நான் கிளம்பினேன்.

தனபால் இறக்கிய கட்டில் ஊரின் நிலப் பதிவேடும் பழைய வரைபடமும் இருந்தன. அடடா! ஒரு ஊரையே மடித்து வைத்த மாதிரி! ஏரி, களம், சுடுகாடு, ஆடு மேய்க்கும் மேடு... எந்தத் துண்டு யாருடையது, எது சர்க்காருடையது என்று யாரோ ஒரு குமாஸ்தா முத்து முத்தாக எழுதி வைத்திருக்கிறார். இதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றப்போகிறார்களாம். அதற்கும் தும்மல் வருமா, தெரியவில்லை.

தனபாலின் விரல் ஒரு வரியில் நின்றது. "வண்டிப்பாதை. சர்க்கார் புறம்போக்கு."

குதித்தேன். ஆமாம், நிஜமாகவே குதித்தேன்!

வெள்ளிக்கிழமை காலை சர்வேயர் வரைபட நகலும் சங்கிலியுமாக வந்தார். முதலில் எல்லைக் கற்களைத் தேட வேண்டும். ஒரு கல் புற்றுக்குள் இருந்தது. இன்னொன்று கோவிந்தசாமி வீட்டுக் கொல்லையில் — அதன்மேல்தான் மூன்று வருஷமாகத் துணி துவைக்கிறார்கள்.

அளந்தார். எழுதினார். மறுபடி அளந்தார். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"வேலி இவர் பட்டாவுலதான் இருக்குதுங்க."

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கோவிந்தசாமி மீசையைத் தடவிக்கொண்டார். அவருக்கு இருந்த சந்தோஷத்தில் எல்லாருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார் என்றால் பாருங்களேன்!

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். "அப்போ வண்டிப்பாதை எங்கேங்க?"

சர்வேயர் காகிதத்தைப் பார்த்தார். வீட்டைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார். பிறகு சங்கிலியை இழுத்துக்கொண்டு கோவிந்தசாமி வீட்டு வாசற்படி ஏறினார். கூடத்தைக் கடந்தார். சமையலறைக்குள், தோசை வார்த்துக்கொண்டிருந்த கோவிந்தசாமியின் மனைவி ராஜேஸ்வரியிடம், "அம்மா, அடுப்பை விட்டுக் கொஞ்சம் நகருங்க" என்றார். அங்கிருந்து கொல்லைக் கதவு வழியாக வெளியே வந்தார்.

"இதாங்க வண்டிப்பாதை."

காலப்போக்கில் ஜனங்கள் தள்ளி நடந்து நடந்து பாதை பக்கத்துப் பட்டாவுக்குள் நகர்ந்துபோயிருக்கிறது. இடம் காலியாகக் கிடக்கிறதே என்று கோவிந்தசாமி அதன்மேல் வீட்டைக் கட்டிவிட்டார்!

முதலில் சிரித்தது யார் தெரியுமா? தோசைக் கரண்டியோடு ராஜேஸ்வரி.

"நான் ரிப்போர்ட் எழுதணும்ங்க..." என்று சர்வேயர் இழுத்தார்.

"எழுதுங்க. வேலி போடாதீங்கன்னு எவ்ளோ சொன்னேன், கேட்டாரா இந்த மனுசன்?" என்ற ராஜேஸ்வரி, அண்ணனிடம் திரும்பினார். "ஏழுமலை அண்ணா, எழுந்திரிங்க. ஞாயித்துக்கெழம ரெண்டு கதவையும் தொறந்து வெக்கிறேன். சர்க்கார் வழி இதான? மாப்பிள்ளை இப்படியே வரட்டும்!"

அப்போதாவது கோவிந்தசாமி வேலியைப் பிரித்தாரா? ரோசம் விடுமா!

ஆகவே ஞாயிறு சாயங்காலம் மாப்பிள்ளை ஊர்வலம் ஒரு வீட்டின் கூடத்துக்குள் நுழைந்தது. கூடத்தில் நாதஸ்வரம் முழங்கியதில் அலமாரி டம்ளர்கள் தாமே தாளம் போட்டன. தவில் சமையலறைக் கதவில் சிக்கிக்கொண்டது. பக்கவாட்டில் திருப்பி உருவினார்கள். மாப்பிள்ளை மாலையைத் தூக்கிப் பிடித்துக் குனிந்து வர, ராஜேஸ்வரி அடுப்பு மேடையருகே ஆரத்தி எடுத்தார். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ஒரே பூரிப்பு. இது பெண் வீட்டு வழக்கம் என்றே நினைத்துவிட்டார்!

கோவிந்தசாமி தன் டிரான்சிஸ்டர் ரேடியோவை நெஞ்சோடு அணைத்தபடி மூலையில் நின்றார். மழை பெய்து ஓய்ந்த நாள். ஐம்பது ஜோடிச் செருப்புகளின் சேறு கூடத்தில் படியும்வரை பொறுத்தார். அதற்குமேல் முடியவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். நான் பயந்தேபோனேன். பார்த்தால், வேலியை வெட்டிக்கொண்டிருக்கிறார்!

"இப்படிப் போங்க... அய்யா, எல்லாரும் இப்படிப் போங்க, புண்ணியமாப் போவும்!"

மறுநாள் காலை மணவறையில் அதை நினைத்துக் கலா சிரித்த சிரிப்பில் புரோகிதர் மந்திரத்தை ஒருமுறை விட்டுப் பிடித்தார்.

நேற்று முன்தினம் அண்ணனும் கோவிந்தசாமியும் ஒரே பஸ்ஸில் தாலுகா ஆபீஸ் போனார்கள். நடக்கிற பாதையைச் சர்க்கார் எடுத்துக்கொண்டு, வீடு இருக்கும் துண்டைக் கோவிந்தசாமிக்கு விட வேண்டும் என்று மனு. அண்ணன்தான் முதல் சாட்சிக் கையெழுத்து. "ஆர்டர் வர நாளாகும்" என்றார்களாம். ஆகட்டும். நடக்க வழி இருக்கிறதே!

சண்டையில் உங்கள் பக்கம் நூற்றுக்கு நூறு நியாயம் என்று தோன்றினால் கொஞ்சம் உஷாராக இருங்கள்... வேலி விஷயத்தில் கோவிந்தசாமி சொன்னது நூற்றுக்கு நூறு சரிதான்!