ஆர்க்கிட் தோட்டம் பார்க்கப் போன வெள்ளிக்கிழமை

காலை எட்டு மணிக்குக் கோலாலம்பூரின் புடு ராயா நிலையத்தில் கோலா சிலாங்கூர் பஸ் ஏறினேன். எண்பத்தாறாம் வருஷம் அது. டைப்பிஸ்ட் வேலையை விட்டு, மாலை வகுப்பில் மலர் அலங்காரம் படித்து, செந்தூலில் சிறிய பூக்கடை ஒன்றை வைத்திருந்தேன். அதுவரை மாலையும் பூச்செண்டும்தான் செய்திருக்கிறேன். ஒரு கல்யாண மேடை முழுவதையும் என்னிடம் ஒப்படைத்தது அதுதான் முதல் தடவை. மணப்பெண் ஜெயந்தி, கோலா சிலாங்கூர் பக்கம் ஓர் எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியின் மகள். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். அவளுடைய சித்தப்பா கோலாலம்பூரில் ஒரு பெரிய ஹோட்டலில் விருந்துகளுக்குப் பொறுப்பாளர். மேடை பிடித்துப்போனால் ஹோட்டல் அலங்காரத்தையே எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார்.

மேடை முழுக்க ஆர்க்கிட் என்று பேசி முடிவு செய்திருந்தோம். எனக்கு ஆர்க்கிட் கொண்டுவருபவர் சரோஜா அக்கா. வாராவாரம் பெட்டிகளோடு பஸ்ஸில் வருவார். பால் விடாத தே ஓ ஒன்றைக் குடித்துக்கொண்டே, நான் கம்பி கட்டுவதையும் பூ அடுக்குவதையும் கண் எடுக்காமல் பார்ப்பார். வீட்டுக்குப் பின்னால் தோட்டம் இருப்பதாகச் சொல்லியிருந்தார். நேரில் போய் நிறம் தேர்ந்தெடுக்கலாம், அப்படியே மேடைக்கு அளவும் எடுத்துவரலாம் என்றுதான் கிளம்பினேன்.

சுங்கை பூலோ தாண்டியதும் இரண்டு பக்கமும் ரப்பர், அதற்கப்புறம் ஈஜோக் வரை எண்ணெய் எடுக்கும் செம்பனை. நாற்பது மைலுக்குக் கொஞ்சம் கூடுதல். கட்டணம் மூன்று வெள்ளிக்குள். கோலா சிலாங்கூரில் இறங்கி ஐந்து வெள்ளிக்கு டாக்சி பேசினேன். ஓட்டுநர் தமிழர், சரோஜா அக்காவைத் தெரிந்தவர். தோட்டத்தைப் பற்றிக் கேட்டதும் கண்ணாடியில் என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

“பூத்தோட்டமா? அவங்க வீட்ல வெண்டிச்செடிகூட இல்லலா.”

வேறு யாரையோ நினைத்துச் சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

வீடு ஒரு மேட்டின் அடியில், பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக இருந்தது. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். லாலான் புல்தான். வேலியோரம் என் கடைக்கு வரும் அதே வெள்ளைப் பெட்டிகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண், இன்றைக்கு ஒரு சாவு, அக்கா மேலேதான் இருப்பார் என்று மேட்டைக் காட்டினாள்.

மேட்டின் மேலே சீனர்களின் இடுகாடு. புதிதாக மூடிய குழி ஒன்றில் ஊதுவத்திகள் இன்னும் புகைந்துகொண்டிருந்தன. சுற்றிலும் ஆள் உயர மலர்வளையங்கள். அவற்றின் நடுவே சரோஜா அக்கா முக்காலியில் உட்கார்ந்து, கம்பியைக் கத்தரித்து ஆர்க்கிட்டை ஒவ்வொன்றாக உருவி, வாளித் தண்ணீரில் முக்கிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு உடனே புரியவில்லை. பெட்டியில் இருந்த ஊதாப் பூக்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். போன மாதம் ஒரு பிள்ளைக்குப் பேர் வைத்த வீட்டில் தொட்டிலைச் சுற்றி நான் வைத்த பூ. மாரியம்மன் கழுத்துக்குக் கட்டிய பூ. எத்தனையோ பெண்களின் தலையில் என் கையாலேயே சொருகிவிட்ட பூ. பக்கத்துக் கல்லறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தேன்.

அக்கா பதறவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார். அவர் புருஷன்தான் அந்த இடுகாட்டுக்குக் காவல். சொந்தக்காரர்கள் போனதும் மலர்வளையங்களை ஒதுக்கி எரிப்பது அவர் வேலை.

“திருடல தங்கச்சி. நாளைக்கு எரியப் போற பூவத்தான் எடுக்கறேன். உன்கிட்ட தோட்டம்னு சொன்னேன் பாரு, அது ஒண்ணுதான் பொய்.”

ஞாயிற்றுக்கிழமைக்கு எனக்குப் பூ வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன்.

எஸ்டேட்டில் கல்யாண வீட்டுக்குப் போனபோது பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெயந்தியின் அம்மாவைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அலறிவிடுவார் என்று பயந்திருந்தேன். அவர் சற்று யோசித்துவிட்டு, பூ வாடாமல் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

“அப்ப அதையே போடு. மாப்பிள்ள வீட்ல ஆர்க்கிட்னு சொல்லியாச்சு. பாக்கறவங்களுக்கு என்ன தெரியும்? நீ வாயத் தொறக்காத.”

கேமரன் மலையிலிருந்து வரும் ரோஜாவையும் சாமந்தியையும் வைத்து நல்ல மேடை கட்டித் தருகிறேன் என்று கெஞ்சினேன். ஆர்க்கிட் இல்லாவிட்டால் நீயும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் சமையல்காரரைப் பார்க்கப் போய்விட்டார்.

வாசலில் ஜெயந்தி மருதாணிக் கைகளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “அக்கா, பூ பாத்தீங்களா? நல்லா இருக்கா?”

“பாத்தேம்மா” என்றேன். அவள் முகம் மலர்ந்து சிரித்தாள். இன்றும் நான் அதிர்ந்துபோவது இடுகாட்டை நினைத்தல்ல, அந்தப் பெண் சிரித்த சிரிப்பை நினைத்துத்தான்.

பிற்பகல் பஸ்ஸில் திரும்பினேன். ஈஜோக்கில் தக்காளிக் கூடையோடு ஏறிய ஓர் எஸ்டேட் தொழிலாளிப் பெண், எந்த ஊரில் என்ன வேலை என்று விசாரித்தாள். பூ வேலை என்றேன். கொடுத்து வைத்தவள், வாசனையான வேலை என்றாள்.

திங்கட்கிழமை ஜெயந்தியின் சித்தப்பா கடைக்குப் போன் செய்தார். மேடையைப் பார்த்து எல்லாரும் அசந்துவிட்டதாகவும், ஹோட்டலுக்கு வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்படியும் சொன்னார். நான் செய்ததாகத்தான் ஜெயந்தியின் அம்மா அவரிடம் சொல்லியிருந்தாராம். நான் செய்யவில்லை என்றேன். பிறகு விசாரித்ததில், சரோஜா அக்காவே வந்து ராத்திரியெல்லாம் கட்டியிருந்தது தெரிந்தது; கம்பி முறுக்கியதிலிருந்து அடுக்கு வரை எல்லாம் என் கைவேலை மாதிரியே இருந்ததாம். ஆனால் அப்படியானால் யார் கட்டியது என்று போனில் சித்தப்பா கேட்டபோதே என்னால் ஊகிக்க முடிந்தது. சரோஜா அக்காவின் பெயரைச் சொன்னேன். பூ எங்கிருந்து வந்தது என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

சித்தப்பா மெதுவாகக் கேட்டார்: “அந்த அக்காவுக்குப் போன் இருக்கா?”

அதற்கப்புறம் என் கண்ணால் பார்க்காத தோட்டத்துப் பூவை நான் வாங்கியதே இல்லை. கேமரன் மலைக்கும் மற்ற இடங்களுக்கும் பஸ் ஏறி அலைந்தேன். ஹோட்டல் ஒப்பந்தம் இல்லாமல் தொழில் மெல்லத்தான் வளர்ந்தது. அன்றைக்குப் போனில் சித்தப்பா கேட்டதற்கு உள்ளதைச் சொன்னேன்.

“இல்ல சார்” என்றேன். “நேர்லதான் போய்ப் பாக்கணும், அந்த இடுகாட்டு மேட்டுல.”