அக்கா பிடித்த கோட்டை

தூரிகையின் நுனியை உதட்டில் வைத்து ஓர் உறிஞ்சு. அப்புறம்தான் ஆற்றில் நீலம் இறங்கும். "நுனி கூரா இருக்கான்னு கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத்தான் தெரியும்" என்பார் அக்கா. பழைய படங்கள் விற்கும் தம்பியின் கடையில், பின்னறை ஜன்னலோரம் அவருடைய சாம்ராஜ்யம். செப்புத்தகட்டில் செதுக்கிக் கறுப்பு மையில் அச்சடித்த காலனிக் காலத்துப் படங்களுக்கு வண்ணம் பூசுவது தொழில். சாயங்காலம் அவர் நாக்கைப் பார்த்தாலே அன்றைக்குக் கடலா காடா என்று சொல்லிவிடலாம்.

அவருடைய ஆட்சிக்குச் சில கொள்கைகள் உண்டு. பீரங்கிக்கு வண்ணம் கிடையாது. "அது வேற பளபளன்னு இருக்கணுமாக்கும்!" தளபதியைவிட அவர் ஏறியிருக்கும் குதிரைக்குக் கவனிப்பு அதிகம். சிப்பாய்களின் கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு: "வெயில்ல நிக்கிறாங்க, பாவம்." எல்லாவற்றுக்கும் மேலான கொள்கை, கிண்ணத்தில் குழைத்ததைக் கழுவி ஊற்றக்கூடாது என்பது. மிஞ்சியதைப் படத்திலேயே எங்காவது தீர்த்தாக வேண்டும். பல பிரபுக்களின் கால்சட்டை இன்றைக்கும் புல் நிறத்தில் இருப்பதன் ரகசியம் இதுதான்.

இந்தக் கொள்கை ஒரு முறை சர்வதேச நெருக்கடியில் கொண்டுபோய் விட்டது. ஆற்றங்கரைக் கோட்டை ஒன்றின் படம். பல் டாக்டர் ஒருவர் சொல்லி வைத்திருந்தார். அவருடைய கொள்ளுத்தாத்தா அந்தக் கோட்டையில் குமாஸ்தாவாம். கடையில் இருந்தது ஒரே பிரதி. அக்கா மணல்திட்டுக்கு மஞ்சள் குழைத்தார். கொஞ்சம் மிஞ்சியது. கோட்டை உச்சியில் கொடி வெள்ளையாகப் பறந்துகொண்டிருந்தது. தீர்த்தார். எத்தனையோ முற்றுகைக்கு அசையாத கோட்டை, ஒரே தீற்றலில் கைமாறிவிட்டது.

தம்பி தலையில் கையை வைத்துக்கொண்டார். "அக்கா, இந்தக் கொடிக்கு உலகத்துல நாடே இல்லக்கா!"

"இல்லாட்டி என்னடா? இருக்கிறதோட ஒண்ணு கூடினா ஆகாதா?"

"பழைய காகிதம், சுரண்டினா கிழிஞ்சிடும். அவர் மட்டும் வேணாம்னு சொல்லட்டும், உன் வண்ணப்பெட்டி பரண் மேல போயிடும். நீ கடை முன்னாடி உட்கார்ந்து படக் கண்ணாடி தொடைச்சுக்கிட்டிரு!"

அக்கா வேலைக்கு நடுவிலேயே பெட்டியை மூடினார். அந்தப் பின்னறைக்கு அது புது அனுபவம். மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் டாக்டர் மனைவியோடு வந்தார். வாய்க்குள் பார்ப்பதுபோலக் குனிந்து படத்தைப் பார்த்தார். ஆறு தேறியது. மதில் தேறியது. விரல் உச்சியில் போய் நின்றது.

"இது எந்த நாட்டுக் கொடிம்மா?"

தம்பி தொண்டையைச் செருமுவதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "கொடி இல்லீங்க. துவைச்சுக் காயப் போட்டது. அவ்வளவு உசரத்துல காத்து நல்லா வருமே!"

"கோட்டை உச்சியிலயா? யாரு காயப் போட்டது?"

"உங்க கொள்ளுத்தாத்தாவாத்தான் இருக்கும். பின்ன, தளபதியா துவைப்பாரு?"

டாக்டரின் மனைவிக்குச் சிரிப்பு பீறிட்டது. "என்னங்க, உங்க பரம்பரைதான், சந்தேகமே இல்ல! மொட்டைமாடிச் சுவர்ல இப்பவும் உங்க துண்டு கிடக்குது!"

டாக்டர் முறைத்துப் பார்க்க முயன்றார், உதடு ஒத்துழைக்கவில்லை. "கூடத்துலயே மாட்டிடுவோம். யாராச்சும் கேட்டா தாத்தா துண்டுன்னே சொல்லிக்கிறேன்" என்றார்.

தம்பி அவசர அவசரமாகக் காகிதத்தை விரித்து, படத்துக்குக் கை நீட்டினார். அக்கா கொடுக்கவில்லை. படத்தை முகத்தருகே தூக்கி, முந்தின நாளே காய்ந்துவிட்ட அந்தக் கொடியின் மேல் மெல்ல ஊதினார்.