காணாமற்போன வெளிர் வளையம்

பட்டாளத்துக் கிளார்க்கின் மனைவியாகப் புனேயின் வானவடிக்கு வந்து ஆறு வருஷம் கழித்து, 1997இல், மங்கையர்க்கரசிக்கு ஹடப்சரில் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. காய்ந்த கரும்புச் சோகையை மக்கவைக்கும் பாக்டீரியாவை மண்ணிலிருந்து பிரித்தெடுப்பதுதான் அங்கே வேலை. கண்ணாடித் தட்டில் நார்ச்சத்து கலந்த கூழை ஊற்றி, மண் கரைசலைத் தடவி, இரண்டு நாள் கழித்துச் சிவப்புச் சாயம் விட்டுக் கழுவுவார்கள். பாக்டீரியா சுரக்கும் நொதி நாரைத் தின்ற இடம் மட்டும் வெளிர் வளையமாகத் தெரியும்.

பதினான்காம் எண் பாக்டீரியா எட்டணா அகலத்துக்கு வளையம் போட்டது. தலைமை ஆய்வாளர் சந்திரமௌலி அன்று எல்லாருக்கும் வடாபாவ் வாங்கிக்கொடுத்தார்.

அடுத்த மாதம் அதே பதினான்கு தளதளவென்று வளர்ந்தது; வளையம் மட்டும் இல்லை. மூன்று முறை போட்டும் தட்டு முழுக்கச் சிவப்பு.

"லலிதா, நீ எண்ணை மாத்தி எழுதிட்டே," என்றார் சந்திரமௌலி.

தட்டுகளுக்கு எண்ணிடும் லலிதா புனேயிலேயே பிறந்தவள். "அரே, நான் சரியாத்தான் எழுதினேன் சார்," என்று அழுதாள்.

மங்கைக்கு ஒன்றும் விளங்கவில்லை. கை அதேதான், மண் அதேதான். லலிதாவாகத்தான் இருக்குமோ? நினைக்கவே கூசியது, ஆனாலும் நினைத்தாள்.

சனிக்கிழமை கூழ் காய்ச்சும்போது கை பழக்கத்தில் குளுக்கோஸ் டப்பாவுக்குப் போய் நின்றது. பாக்டீரியா சவலையாக இருக்கிறதே என்று இந்த மாதம்தான் ஒரு சிட்டிகை சேர்க்க ஆரம்பித்திருந்தாள். நோட்டில் எழுதவில்லை. இதெல்லாம் ஒரு விஷயமா?

ஒரு தட்டில் போட்டாள், இன்னொன்றில் போடவில்லை. திங்களன்று கழுவினால், குளுக்கோஸ் இல்லாததில் வளையம்!

"சார், தப்பு எம்மேலதான். நல்லா வளரட்டும்னு குளுக்கோஸ் போட்டேன்."

சந்திரமௌலி நெற்றியைத் தேய்த்தார். "சும்மா சர்க்கரை கிடைச்சா அது எதுக்கும்மா நொதி சுரந்து நாரை உடைக்கப்போவுது? எழுதி வெச்சிருக்கக் கூடாதா?" பிறகு தாமே போய் லலிதாவிடம் மன்னிப்புக் கேட்டார்.

மங்கையும் போனாள். "நானும் ஒன்னயத்தான் சந்தேகப்பட்டேன், லலிதா."

"தெரியும் அக்கா. ரெண்டு நாளா நீங்க என் மூஞ்சியே பாக்கல."

கோபமா, மன்னிப்பா? அந்தக் குரலிலிருந்து எதுவும் பிடிபடவில்லை. லலிதா பேனாவை எடுத்து அடுத்த தட்டில் எண் எழுதத் தொடங்கிவிட்டாள்.