ஆணி அடிக்காத காவடி

சிலிகான் பசையில் இரண்டு சாதி உண்டு. ஒன்று ஊறுகாய்க்கு ஊற்றும் சுக்காவை, அதாவது வினிகரைப் போலப் புளித்த வாடை அடிக்கும். மற்றதில் வாடையே இருக்காது. எங்கள் தீவின் பாயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை ஒன்றில் நான் சேர்ந்த முதல் வாரமே இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். வாடை அடிப்பது விளக்குக் கண்ணாடிக்கும் வெளிமூடிக்கும். வாடையில்லாதது சர்க்யூட் பலகைக்கு. மாற்றிப் போட்டால் செம்பு பச்சை பூத்துச் சாமான் செத்துப்போகும். ஆறு வருடம் அந்தப் பசையோடு குப்பை கொட்டியவள் நான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். இருந்தும் அந்தத் தப்பைச் செய்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு ஐந்தாம் மாதம். அதற்கு முன் இரண்டு முறை உண்டாகி, இரண்டும் மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. இந்தப் பிள்ளையாவது நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று, தைப்பூசத்துக்குத் தண்ணிமலைக் கோயிலில் காவடி எடுப்பதாக என் கணவர் வேண்டிக்கொண்டார். அவருக்குக் கடலுக்கு அக்கரையில் பிறை என்ற ஊரில் வேலை, தினமும் ஃபெரியில் போய் வருவார். அதிகம் பேசமாட்டார். வேண்டிக்கொண்ட அன்றிலிருந்தே கவிச்சியை விட்டுவிட்டார்.

காவடிச் சட்டம் அவருடைய அண்ணன் முன்பு எடுத்தது. பலகை மட்டும் புதிது. அதில் நூற்றெட்டு வட்டக் கண்ணாடி பதிக்க வேண்டும். வழக்கமாக விளிம்பைச் சுற்றிச் சின்ன ஆணிகளை அடித்து, அவற்றின் தலைக்கடியில் கண்ணாடியைப் பிடித்து நிறுத்துவார்கள். கணவர் சுத்தியலைக் கையில் எடுத்ததும் என் மாமியார் அடுப்படியிலிருந்து ஓடிவந்தார்.

“புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டுல ஆணி அடிக்கலாமாப்பா? சுத்தியல் சத்தமே கேக்கக் கூடாது.”

பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணிக்கும் இந்த விஷயத்தில் அதே கட்சி. “பந்தாங் லா, பந்தாங்” என்று கதவருகே நின்று கையை ஆட்டினார். ஆகாது என்று பொருள். இந்தப் பந்தாங்கினால் எங்கள் கல்யாணத்துக்கு வந்த பெரிய நிலைக்கண்ணாடியும், நான் உண்டான பிறகு அந்த அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து, மாட்ட ஆணியில்லாமல் படுக்கையறைத் தரையில் சுவரோடு சாய்ந்தே கிடந்தது. தலைவார நான் வயிற்றைத் தூக்கிக்கொண்டு குந்த வேண்டும். தினமும் காலையில் குந்தி, தினமும் முணுமுணுப்பேன்.

வேறு வீட்டில் வைத்து அடித்து வரலாமே என்றேன். “எங்க அடிச்சாலும் அது நம்ம வீட்டுக் காவடிதானேம்மா” என்றார் மாமியார். வாதாட எனக்கு நேரமில்லை. என்னிடம் அதைவிட நல்ல யோசனை இருந்தது.

“ஆணி எதுக்குங்க? நான் ஒட்டித் தரேன்” என்றேன்.

ஷிப்ட் முடியும்போது பாதி தீர்ந்த குழாய்களைக் குப்பையில்தான் போடுவார்கள். விடிவதற்குள் மூக்குப் பக்கம் இறுகிவிடும். எங்கள் லைன் லீடரிடம் கேட்டேன், “எடுத்துக்கோ லா” என்றாள். வாடை அடிக்கும் சாதிதான் கிடைத்தது. மற்றது அலமாரியில் பூட்டிக் கிடந்தது. கண்ணாடியை ஒட்டுவதற்குத்தானே, விளக்குக் கண்ணாடிக்குப் போடுவதும் இதுதானே என்று நினைத்தேன். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பது எனக்காகவே சொன்னது போலும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒட்டினோம். நான் ஒவ்வொரு கண்ணாடியின் முதுகிலும் தாராளமாகப் பூசித் தருவேன், அவர் பலகையில் வைத்து அழுத்துவார். வீடு முழுக்கப் புளித்த வாடை.

“விழாதுல்ல?” என்றார்.

“கடல்ல போட்டாலும் விழாது. பெட்ரோலுக்கே கரையாது, தெரியுமா?”

அவர் சிரித்தார். அன்றைக்கு நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். அவருடைய வேண்டுதலில் என் கைவேலையும் கலந்துவிட்டது என்ற பெருமை எனக்கு.

காவடியை வெள்ளைத் துணி போட்டு மூடி வைத்தோம். மூன்று வாரம் கழித்து, தைப்பூசத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது துணியை எடுத்தோம். கண்ணாடிகள் எல்லாம் ஓரத்தில் கறுத்துப் போயிருந்தன. சிலவற்றில் நடுவிலும் திட்டுத்திட்டாகக் கருமை. குனிந்து பார்த்தேன், என் முகத்தில் பாதியைக் காணவில்லை.

என்ன நடந்தது என்று அந்த நிமிடமே புரிந்தது. கண்ணாடியின் முதுகில் இருப்பதும் உலோகம்தான், மெல்லிய வெள்ளிப் பூச்சு. மலிவுக் கண்ணாடிக்கு அதன் மேல் பூசிய பெயிண்டும் மெலிசு. பசை இறுகும்போது கிளம்பிய புளிப்பு ஆவி, வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று பூச்சைத் தின்றிருக்கிறது. செம்புக்கு ஆகாததை வெள்ளிக்குப் போட்டிருக்கிறேன். இவ்வளவும் எனக்குத் தெரிந்த விஷயம்தான் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

பெயர்த்து எடுக்கப் பார்த்தேன். பிளேடு, தூண்டில் நரம்பு, தின்னர், மண்ணெண்ணெய் எதற்கும் அது மசியவில்லை. வந்த ஒன்றும் பலகையின் தோலை உரித்துக்கொண்டு வந்தது. நான்கு கண்ணாடி உடைந்ததும் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“போதும்மா. நெறமாசக்காரியாகப் போறவ, கண்ணாடி உடைக்காதே.”

“அத்தை, இது பசையில இருக்கிற சுக்கா. பூச்சை அரிச்சிருச்சு, அவ்வளவுதான். சாமி குத்தம் எல்லாம் இல்ல.”

“சரிம்மா” என்றார். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். உடைந்த சில்லுகளைப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்தேன்.

புதுப் பலகைக்கு நேரமில்லை. கணவர் அதையே எடுத்தார். சாலையோரம் தண்ணீர்ப் பந்தலில் உட்கார்ந்து பார்த்தேன். மற்றக் காவடிகள் வெயிலில் கண்ணைப் பறித்தன. எங்களுடையது மங்கலாக ஆடிக்கொண்டே போனது. மலையேறி இறங்கி வரும்வரை ஒரு கண்ணாடிகூட விழவில்லை.

எட்டாம் மாதம் ஒருநாள் காலையில், வேலைக்குப் போகும் பஸ்ஸில், பிள்ளை நேற்றிலிருந்து அசையவில்லை என்று உறைத்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். கொடி கழுத்தைச் சுற்றிவிட்டது, யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். திரும்பவும் கேட்டேன். திரும்பவும் அதையே பொறுமையாகச் சொன்னார். நான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். ஆனாலும் வார்டில் படுத்துக் கண்ணை மூடினால் அந்தக் கறுத்த வட்டங்கள்தான் வந்தன. நான் தினமும் கையாண்ட பசை, எனக்கே புரிந்த காரணம். அந்த அறிவை வைத்துக்கொண்டு என் நெஞ்சை என்னால் சமாதானப்படுத்த முடியவில்லை. ஆணி அடித்திருந்தால் காவடி கறுத்திருக்காதே என்ற ஒரு நினைப்பு. அடிக்காமலேயே இப்படி ஆனதே என்ற இன்னொரு நினைப்பு. இரண்டுக்கும் நடுவே கிடந்து அழுதேன்.

வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம். தலைவாரக் கண்ணாடிக்கு முன்னால் குந்தினேன், எழ முடியவில்லை. மாமியார் வந்து தூக்கிவிட்டார். தரையில் கிடந்த அந்தக் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சுத்தியலை எடுத்துவந்து மகன் கையில் கொடுத்தார்.

“அடிப்பா. புள்ள பாவம், குந்திக் கஷ்டப்படுது” என்றார். “இனிமே அடிக்கலாம்.”

கணவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். நான்கே அடியில் ஆணி இறங்கியது.

அதன் பிறகு தலைவார நான் குந்த வேண்டியிருக்கவில்லை.