மனைவிக்கு சீட் கிடைக்குமா?

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்தால் எங்கள் வீட்டில் கூட்டம் கூடிவிடும். பிள்ளையின் தேர்வு முடிவை ஃபைலில் போட்டுக்கொண்டு, ஜாதகம் பார்க்க வருகிறவர்களைப் போல அப்பாவும் அம்மாவும் வந்து உட்காருவார்கள். எங்கள் தீவிலிருந்து கடலைத் தாண்டிப் போகும் பாலத்துக்கு அப்பால் இருக்கும் அந்தப் பொறியியல் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. எங்கள் கோயில் வட்டாரத்தில் அங்கே படித்தவன் நான் ஒருவன்தான். ஆகவே, வாரமெல்லாம் ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களோடு மல்லுக்கட்டும் எனக்கு, ஞாயிறு மட்டும் ஜோசியர் உத்தியோகம்.

முதலில் கணிதம் பார்ப்பேன், பிறகு இயற்பியல், அப்புறம் விளையாட்டு, சங்கம் போன்ற புறப்பாட நடவடிக்கைகள். கூட்டிக் கழித்து, "தைரியமா போடுங்க லா" என்றால் தாய்மார்கள் முகம் மலர்ந்துவிடும். கண்ணாடியைக் கழற்றினேன் என்றால் கஷ்டம் என்று அர்த்தமாம். இது ஊருக்கே தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியாது. சில அம்மாக்கள் நான் வாய் திறப்பதற்கு முன்பே கண்ணைத் துடைப்பார்கள்.

வருகிறவர்களுக்கெல்லாம் பால் ஊற்றாத தே ஓ கலக்கித் தருவது என் மனைவி. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்பே பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்தவள். மகள் இப்போது இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவம். வேலை, வீடு, மகளின் டியூஷன் என்று அவள் ஓடிக்கொண்டே இருப்பாள், நான் ஜோசியம் சொல்லிக்கொண்டிருப்பேன்.

ஒரு ஞாயிறு, கடைசிக் குடும்பமும் கிளம்பிப் போனது. அவள் கோப்பைகளை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, கையைத் துடைத்தபடியே வந்து விருந்தாளிகளின் நாற்காலியில் உட்கார்ந்தாள். மடியில் ஒரு ஃபைல்.

"சார், எனக்கு சீட் கிடைக்குமா, கொஞ்சம் பாருங்க."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அதே பல்கலைக்கழகம்தான். வேலை பார்ப்பவர்களுக்கு வார இறுதியில் பட்டப்படிப்பு நடத்துகிறார்கள், அதற்கு எடுப்பது கொஞ்சம் பேரைத்தான், நேர்முகத் தேர்வும் உண்டு என்றாள். நான் வழக்கம்போலக் கணிதத்தில் ஆரம்பித்தேன். டிப்ளோமா காலத்து மதிப்பெண் சுமார்தான்.

"என்னங்க, கண்ணாடியைக் கழட்டிட்டீங்க?"

"இல்லம்மா, வேர்க்குது."

"ஃபேன் ஓடுது."

மாட்டிக்கொண்டேன். சமாளிக்கத் தெரியாமல், "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்று உளறி வைத்தேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"மெஷின் நின்னா ஏன் நின்னுச்சுன்னு எனக்குத் தெரியும். ஆனா அதை ஏன் அப்படிக் கட்டினாங்கன்னு தெரியல. அதைத் தெரிஞ்சுக்காமலே ரிட்டயர் ஆயிருவேனோன்னு பயமா இருக்குங்க."

கடனுக்கோ காய்ச்சலுக்கோ பயப்படாதவள் அவள். பிரசவத்துக்குப் போகும்போதுகூட எனக்குத்தான் தைரியம் சொல்லிவிட்டுப் போனாள். அவள் வாயில் பயம் என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஃபைலை முதலிலிருந்து பார்த்தேன். மேலதிகாரி கொடுத்த சான்று நன்றாக இருந்தது. அதற்குக் கீழே இணையத்தில் படித்து முடித்த கணிதப் பாடங்களின் சான்றிதழ்கள் வரிசையாக இருந்தன. காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு சீரியல் பார்க்கிறாள் என்று நான் கேலி செய்த சாயங்காலங்களில் அவள் கால்குலஸ் படித்திருக்கிறாள்.

"பாதிக்குப் பாதி சான்ஸ் இருக்கு," என்றேன். "மிச்சம் இன்டர்வியூலதான்."

"இது மத்தவங்களுக்குச் சொல்ற மாதிரியா, நிஜமாவா?"

"நிஜமா."

அது போதும் என்பதுபோல எழுந்து சோறு வடிக்கப் போனாள். அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் நான் அதிகாரி வேஷம் போட்டு மலாயில் கேள்வி கேட்பேன். அவள் அப்பளம் பொரித்துக்கொண்டே பதில் சொல்வாள்.

நேர்முகத் தேர்வு நாளில் நான் லீவு போட்டுவிட்டு அவளை அழைத்துப் போனேன். அவள் உள்ளே போனதும் காரில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தேன். பூசையில் பிரசங்கம் தொடங்கியதும் கண் சொக்கும் ஆள் நான். அன்று தூக்கம் பக்கத்திலேயே வரவில்லை.

திரும்பி வந்தவள் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"கணக்குல மடக்கிட்டாங்களா?"

"கணக்கு கேட்டாங்க, சொன்னேன். மெஷின் பத்தி கேட்டாங்க, அதுவும் சொன்னேன். கடைசியா ஒரு அம்மா கேட்டாங்க. வேலை, கிளாஸ், வீடு மூணையும் எப்படிப் பார்ப்பீங்க, பாதியில விட்டுட்டுப் போறவங்கதான் நெறைய பேருன்னு."

"நீ என்ன சொன்ன?"

"வீட்டை என் வீட்டுக்காரர் பார்த்துக்குவாருன்னு சொன்னேன்."

மேகி மீயைத் தவிர நான் எதையும் கொதிக்க வைத்ததில்லை. துணி துவைக்கும் இயந்திரத்தில் எந்தப் பட்டனை அழுத்துவது என்றுகூட மகளிடம்தான் கேட்பேன். இதெல்லாம் அவளுக்குத் தெரியாததா?

அவள் என்னைப் பார்க்காமல், முன்னால் இருந்த மரத்தைப் பார்த்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்.

"பொய் சொல்லிட்டேனாங்க?"

அதில் கிண்டல் துளியும் இல்லை. கைப்பையின் வாரைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. எத்தனையோ பெற்றோர் என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரும் இப்படிக் காத்திருந்ததில்லை.

"பொய் இல்லம்மா," என்றேன். "போற வழியில பசார்ல நிறுத்துறேன். மீன் எப்படிப் பார்த்து வாங்கணும்னு சொல்லிக்குடு."

பல்கலைக்கழகத்திலிருந்து சீட் கிடைத்த செய்தி வந்தபோது அவள் அழவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் குதித்தாள். அவள் அழுதது நேர்முகத் தேர்வு நாளில், நான் மீன் பற்றிக் கேட்டதும், காரில்தான்.