ஆல்மா தெருவின் குரைப்புக் குறிப்பேடு

லொரெய்ன் பிளெசர்டுக்கு நாய்களைப் பிடிக்கும். தார்ன்பெக் நகரசபையில் நாய்ப் புகார்களை விசாரிக்கும் வேலைக்கு அவள் விண்ணப்பம் போட்டதற்கு அது ஒன்றுதான் காரணம். அதற்கு முன் பதினாறு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தவள் அவள். இனிமேல் நாய்களோடு இருக்கலாம் என்று சந்தோஷமாகத்தான் வந்தாள். வந்த பிறகுதான் தெரிந்தது, நாய்களைப் பார்ப்பது வாரத்துக்கு ஒரு மணி நேரம், மிச்சமெல்லாம் மனுஷர்கள் என்று.

பன்னிரண்டு வருஷத்தில் அவள் பார்க்காத ஆள் இல்லை. செத்து மூன்று மாதமான நாய் குரைக்கிறது என்று வாரம் தவறாமல் கடிதம் எழுதிய ஓர் அம்மாள். பக்கத்து வீட்டு நாயின் கழிவைச் சாக்லேட் பெட்டியில் வைத்து, ரிப்பன் கட்டி, தேதி எழுதிய சீட்டோடு அலுவலக மேஜையில் வைத்துவிட்டுப் போன ஓய்வுபெற்ற ஆசிரியர். இருபது வருஷம் ஒரே சுவரின் இரண்டு பக்கமும் வாழ்ந்துவிட்டு, அடுத்தவர் பெயர் தெரியாமல், 'அந்த நாய்க்காரி' என்று மட்டுமே சொல்லத் தெரிந்தவர்கள். எல்லோரும் முதலில் தேநீர் கொடுப்பார்கள். எல்லோரும் "எனக்கு நாய்ன்னா ரொம்பப் பிரியம், ஆனா..." என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்த 'ஆனா' காதில் விழுந்ததுமே லொரெய்ன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிடுவாள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் திரும்பியதும் காரில் வைத்திருக்கும் ஈரத்தாளால் விரல் விரலாகக் கையைத் துடைத்துக்கொள்வாள். நாயைத் தொட்ட கை என்பதற்காக இல்லை.

ஆல்மா தெரு வழக்கு ஜனவரியில் வந்தது. சுவரோடு சுவர் ஒட்டிய செங்கல் வீடுகள். பதினேழாம் எண்ணில் புகார் கொடுத்த நெவில் ஹேகன், நில அளவை அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பத்தொன்பதில் கென் ஸ்கோல்ஸ், பழைய பஸ் டிரைவர், அறுபத்தெட்டு வயது, தனிக்கட்டை. கென்னிடம் சார்ஜென்ட் என்று ஒரு சின்ன நாய் இருந்தது. முழங்கால் உயரம்கூட இல்லை. குரல் மட்டும் பேருக்கேற்ற குரல்.

லொரெய்ன் கென்னைப் பார்க்கப் போனாள். அவர் கதவைக் கால்வாசிதான் திறந்தார்.

"நகரசபையா? நாய் குரைக்குதுன்னு சொல்ல ஒரு ஆபீசா? இதுக்கா நாங்க வரி கட்டறோம்?"

"நீங்க வெளிய போறப்பதான் குரைக்குதாம், மிஸ்டர் ஸ்கோல்ஸ். ஜன்னல்ல ஒரு போர்வையப் போட்டு மறைச்சுப் பாருங்க. தெரு தெரியலைன்னா அதுபாட்டுக்குத் தூங்கும்."

"அந்த ஹேகன் மூஞ்சிலயும் ஒரு போர்வையப் போடு. தெருவே நிம்மதியாத் தூங்கும்."

கதவைச் சாத்தினார். ஆனால் மறுநாளே ஜன்னலில் போர்வை தொங்கியது. குரைப்பும் பாதிக்கு மேல் குறைந்தது. வழக்கை முடித்துவிடலாம் என்று லொரெய்ன் நினைத்தாள். ஹேகன் விடவில்லை. தெருவில் நான்கு வீடு ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கி வந்தார். தன்னோடு சேர்த்து ஐந்து. விதிப்படி லொரெய்ன் ஐந்து வீட்டுக்கும் குறிப்பேட்டுத் தாள்களைக் கொடுத்தாள். தேதி, நேரம், எவ்வளவு நேரம் குரைத்தது, அதனால் உங்களுக்கு என்ன பாதிப்பு. இரண்டு வாரம் எழுத வேண்டும். இரண்டாவது தடவை எச்சரிக்கை சொல்ல அவள் போனபோது கென் கதவையே திறக்கவில்லை. "போம்மா, போய் வேற வேலையப் பாரு!" என்று உள்ளேயிருந்து கத்தினார்.

மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை, அலுவலகம் திறந்ததும் ஹேகன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"நேத்து மத்தியானத்திலிருந்து நிக்கவே இல்லை, மிஸஸ் பிளெசர்ட். வேணும்னே பண்றான். இப்ப வாங்க, உங்க காதாலயே கேளுங்க."

போனாள். சார்ஜென்ட் கதவுக்குப் பின்னால் நின்று குரைத்தது. தொண்டை கட்டிப் போயிருந்தது. கடிதம் போடும் துவாரத்தின் மூடியைத் தூக்கினால் ஈரமூக்கும் பல்லும்தான் தெரிந்தன. தட்டினாள். மணி அடித்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நாய் குரைத்த குரைப்பில் அவள் குரலே அவளுக்குக் கேட்கவில்லை. ஆள் உள்ளே உட்கார்ந்துகொண்டு வீம்பு பிடிக்கிறார் என்று முடிவு கட்டினாள். எச்சரிக்கைச் சீட்டை எழுதித் துவாரத்தின் வழியே தள்ளினாள். தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்: 'பதில் இல்லை. தொடர்ந்து குரைப்பு, பதினொரு நிமிடம், நேரில் கேட்டது.' திரும்பும்போது பதினேழாம் எண் ஜன்னலிலிருந்து ஹேகன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவளும் தலையை ஆட்டிவிட்டுத்தான் காரில் ஏறினாள்.

செவ்வாய்க்கிழமை அதே தெருவிலிருந்து இன்னும் மூன்று அழைப்புகள். புதன்கிழமை காலையில் ஹேகன் நேரிலேயே வந்துவிட்டார். ஐந்து வீட்டுத் தாள்களையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். "இத வெச்சு அவனைக் கோர்ட்டுல நிறுத்திடலாம்" என்று சொல்லி எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, கோட்டுப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டார்.

லொரெய்ன் படிக்க ஆரம்பித்தாள். ஹேகனின் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது.

'ஞாயிறு 12.40. பெரிய சத்தம், ஏதோ விழுந்தது போல. உடனே குரைப்பு ஆரம்பம். மதிய உணவு கெட்டது.'

'ஞாயிறு 4.10. குரைப்பு. கூடவே சுவரில் தட்டல். மும்மூன்றாக.'

'ஞாயிறு 7.25. மறுபடி தட்டல். என்னைச் சீண்டுவதற்காக. பதிலுக்கு நானும் செருப்பால் மூன்று தட்டினேன். அவன் உடனே இன்னும் வேகமாகத் தட்டினான்.'

'திங்கள் 8.15. தட்டல், பலவீனமாக. குரைப்பு.'

'செவ்வாய் 11.00. தட்டல் அடியோடு நின்றது. ஒருவழியாகப் புத்தி வந்திருக்கிறது. நாய் மட்டும் ஊளை.'

அவள் அடுத்த தாளை எடுத்தாள். எதிர்வீட்டு மிஸஸ் டன்னிக்ளிஃப் எழுதியது. 'இரண்டு நாளாக விளக்கு அணைக்கப்படவில்லை. நாயை வெளியே கூட்டிப் போகவும் இல்லை. பொறுப்பில்லாத மனுஷர்.' இருபத்தொன்றாம் எண்: 'வாசலில் பால் அப்படியே இருக்கிறது. பூனை வருகிறது.' ஐந்து வீடு, ஐந்து தாள். ஓர் ஆள் விழுந்து கிடப்பதை மணி நிமிஷத்தோடு, அழகான எழுத்தில், கோடு தாண்டாமல் எழுதி வைத்திருந்தார்கள்.

"மிஸ்டர் ஹேகன்," என்றாள். ஹேகனின் தாளைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினாள். "சுவத்துல தட்டினாரே, ஏன்னு யாராவது போய்க் கேட்டீங்களா?"

"ஏன் கேக்கணும்? நானும் அவனும் பேசிக்கிறதில்லையே. நீங்கதானே நேரடியாத் தகராறு வெச்சுக்காதீங்கன்னு சொன்னீங்க?"

சொன்னது உண்மைதான். தாளின் அடியில் அச்சிலேயே இருந்தது.

காரை ஓட்டிக்கொண்டே அவசர எண்ணுக்குப் பேசினாள். போலீஸ்காரர்கள் இரண்டு பேர் கதவை இடித்துத் திறந்தார்கள். நாற்றம்தான் முதலில் வெளியே வந்தது. சார்ஜென்ட் தரையெல்லாம் அசிங்கம் பண்ணிவைத்திருந்தது. படிக்கட்டின் அடியில், ஹேகன் வீட்டுச் சுவரை ஒட்டி, கென் ஒரு பக்கமாகக் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. உதடு வெடித்துக் கறுத்திருந்தது. கையில் ஒரு ஷூ. சுவரில் அந்த உயரத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தது. நாய் அவர் நெஞ்சின்மேல் ஏறி நின்று போலீஸ்காரர்களைக் கடிக்கப் போனது.

உயிர் இருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தபோது தெருவே வாசலில் நின்றது. மிஸஸ் டன்னிக்ளிஃப் தேநீர்க் கோப்பைகளைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தாள். "பாவம், நல்ல மனுஷன். எடுத்துக்கோ கண்ணு, வெளுத்துப் போயிருக்கியே." லொரெய்ன் அந்தக் கோப்பையைப் பார்த்தாள். அதைக் கொண்டுவந்த கைக்கு, மூன்று நாளாகத் தெருவைத் தாண்டி ஒரு கதவைத் தட்ட முடியவில்லை. கோப்பையைத் தொடாமல் வேலியோரம் போய்க் குனிந்து நின்றாள். வாந்தி வரவில்லை, எச்சில்தான் வந்தது.

பின்னாலிருந்து ஹேகனின் குரல். பேருந்து பிடித்து அதற்குள் வந்து சேர்ந்திருந்தார்.

"நமக்கு எப்படித் தெரியும்? யாருக்குத்தான் தெரியும்?" பிறகு குரலைத் தாழ்த்தி, "நாயை என்ன செய்வீங்க? இங்க விட்டுட மாட்டீங்கல்ல?"

"வாய மூடுங்க," என்றாள் லொரெய்ன். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு புகார்தாரரிடமும் சொல்லாத வார்த்தை. "இன்னொரு வார்த்தை பேசினீங்கன்னா அந்தத் தாளை உங்க வாயிலயே திணிப்பேன்."

நாயைத் தன் வீட்டுக்கே கொண்டுபோனாள். அவள் புருஷன் கிரஹாம் லாரி ஓட்டுகிறவன், அதிகம் பேசமாட்டான். நாயைக் குளிப்பாட்டித் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, "நீ போகலைன்னா அந்தாளு செத்திருப்பாரு" என்றான்.

"திங்கக்கிழமையே போனேன் கிரஹாம். கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு பதினொரு நிமிஷம் எண்ணிட்டு வந்தேன்."

அவன் துண்டின் ஈரமான முனையை மடித்துவிட்டு நாயின் காதைத் துடைத்தான்.

பத்து நாள் கழித்துத்தான் கென்னால் பேச முடிந்தது. லொரெய்ன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பூவோ பழமோ வாங்கிப் போக அவளுக்குக் கை வரவில்லை. சார்ஜென்ட்டின் படத்தைக் கைபேசியில் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"அதோட கிண்ணத்துல தண்ணி இருந்துச்சு. ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கிட்டோம். அது கொஞ்சம், நான் கொஞ்சம். செவ்வாக்கிழம காலையில தீந்துபோச்சு."

"நான் வந்தேன், மிஸ்டர் ஸ்கோல்ஸ். திங்கக்கிழமை."

"தெரியும். நீ தட்டினது கேட்டுச்சு. இருக்கிற குரலையெல்லாம் கூட்டிக் கத்தினேன். இந்த மடப்பய நாய் வாய மூடலை. அப்புறம் உன் சீட்டு வந்து விழுந்துச்சு." சிரித்தார், அது இருமலில் போய் முடிந்தது. "படிச்சேன். வேற என்ன வேலை? பதினாலு நாளைக்குள்ள நடவடிக்கை எடுக்கணும்னு போட்டிருந்தே."

அவள் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அத விடு," என்றார் கென். "ஞாயித்துக்கிழம சாயங்காலம் சுவத்துக்கு அந்தப் பக்கத்துலருந்து பதில் தட்டு வந்துச்சு பாரு, மூணு தட்டு. அப்பாடா, அந்தாளுக்குக் கேட்டுடுச்சு, ஆளக் கூட்டிட்டு வரான்னு நெனச்சேன். அழுதுட்டேன்மா. அந்த ஹேகனை நெனச்சு அழுதேன், நல்லவன்யா நீன்னு."

லொரெய்ன் அன்றே ஆல்மா தெருவுக்குப் போனாள். அதிகாரியாக இல்லை. ஹேகன் வீட்டு வாசலில் நின்று கென் சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னாள். அவர் முகத்தில் ஏதாவது இடிந்து விழும் என்று காத்திருந்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"அவர் என்னைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டார்," என்றார். "நான் நிறுத்தச் சொல்லித்தான் தட்டினேன்."

அதைச் சொன்னபோது அவர் குரலில் ஒரு சின்ன மனக்குறைகூட இருந்தது, தன்னை நல்லவன் என்று நினைத்ததே அவமானம் என்பது போல. லொரெய்ன் திரும்பிக் காருக்கு நடந்தாள்.

அறிக்கை எழுதும்போது தன் பதினொரு நிமிஷத்தையும் எழுதினாள். மேலதிகாரி ரஸ்ஸல் அவளைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினான்.

"இந்த வரி வேணாமே, லொரெய்ன். நீ விதிப்படிதானே செஞ்சே? யாரும் உன்னைக் குத்தம் சொல்லலை."

"அதான் அசிங்கமா இருக்கு. யாருமே சொல்லலை."

அந்த வரியை அவள் எடுக்கவில்லை. அறிக்கை எங்கோ ஓர் அலமாரிக்குள் போனது. ஒரே ஒரு மாற்றம் வந்தது: குறிப்பேட்டுத் தாளின் அடியில், 'யாருக்காவது ஆபத்து என்று சந்தேகம் வந்தால் அவசர எண்ணை அழைக்கவும்' என்று சின்ன எழுத்தில் ஒரு வரி. ஹேகன் அவள்மேல், மரியாதையில்லாமல் பேசினாள் என்று புகார் கொடுத்தார். அதற்கு அவளுக்கு எழுத்தில் ஒரு கண்டிப்பு வந்தது. ஆல்மா தெருவிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வாழ்த்தட்டை ஒன்றும் போனது. சீக்கிரம் குணமாகி வாருங்கள், ஐந்து கையெழுத்து. புகார்த் தாளில் இருந்த அதே வரிசையில். கென் அதைச் சாப்பாட்டுத் தட்டின்கீழே போட்டுக் கஞ்சி சாப்பிட்டார்.

மே கடைசியில் கென் வீடு திரும்பினார், வாக்கரைப் பிடித்துக்கொண்டு. லொரெய்ன் சார்ஜென்ட்டைக் கொண்டுபோய் விட்டாள். நாய் அவர் காலைச் சுற்றிச் சுற்றிக் குரைத்தது, நிறுத்தவே இல்லை. கென் அதைத் தடுக்கவும் இல்லை.

மறுநாள் காலை ஒன்பது ஐந்துக்கு அவள் மேஜையில் தொலைபேசி அடித்தது.

"நெவில் ஹேகன் பேசறேன். மனுஷாபிமானத்தோடதான் சொல்றேன், ஆனா..."

லொரெய்ன் ரிசீவரை மேஜையில் வைத்தாள். அதிலிருந்து குரல் சன்னமாக வந்துகொண்டே இருந்தது. அவள் ஒரு தாளை எடுத்து ரஸ்ஸலுக்கு நான்கு வரி எழுதினாள், கையெழுத்துப் போட்டாள், கோட்டை மாட்டிக்கொண்டாள். கழிவறையில் நின்று சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். இரண்டாம் தடவையும் கழுவினாள். இந்தத் தடவை அழுக்கு தன் கையுடையதுதான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

கென் அந்தக் கோடையிலேயே வீட்டை விற்றுவிட்டு, ஊரின் மறுகோடியில் படியில்லாத தரைத்தள வீடொன்றுக்குப் போனார். லொரெய்ன் ஒரு ரொட்டிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். சனிக்கிழமைகளில் மீந்த இறைச்சி ரொட்டியை எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போவாள். அவர் அவளை மன்னித்ததாக ஒருநாளும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அவள் மணியை அடித்தால் மட்டும் உள்ளேயிருந்து கத்துவார்: "உசுரோடதான் இருக்கேன், வா! சீட்டு கீட்டு எதுவும் போட்டுடாதே!"